கணக்கில் சேராத தண்ணீர்

வெள்ளரிக்காயின் காம்புப் பக்கத்தை வெட்டி, வெட்டிய துண்டாலேயே வட்டமாகத் தேய்த்து, நுரைத்து வந்த கசப்பை வழித்தெறிந்தாள் நஜ்முன்னிசா. நுனியைக் கடித்தும் பார்த்தாள். காந்தி மார்க்கெட்டில் ஆள் பார்த்துத்தான் காய் பொறுக்கிப் போடுகிறார்கள். ஒரு கசப்புக் காய் உள்ளே போனால் அன்றைக்கு வீடு வீடாக இருக்காது. பாதி குடித்துவிட்டு, "கசக்குது, கொட்டிட்டு வேற கலந்து கொடு" என்பார் அவர். குடித்த பாதி வயிற்றுக்குள்தானே இருக்கிறது என்பாள் இவள். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போகும், கல்யாணப் பந்தியில் வந்த சண்டை வரைக்கும்.

அவர் என்றால் அவள் புருஷன் அப்துல் மாலிக். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் மெஷினில் போட்டு ரத்தத்தைக் கழுவுகிறார்கள். மூத்திரம் என்பது பேருக்குத்தான். உள்ளே போகிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் காலில் தேங்கும், முகத்தில் தேங்கும், கடைசியில் நெஞ்சில் ஏறும். டீ, ரசம், மாத்திரை விழுங்குகிற மடக்கு எல்லாம் போக ஒரு நாளைக்கு அரை லிட்டர் என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

அந்த அரை லிட்டரைத்தான் அவள் ஜோடித்துக்கொண்டிருந்தாள். சென்னையில் இருக்கிற மகள் சம்ரீன் மூடி போட்ட கண்ணாடி ஜாடி ஒன்றை வாங்கி அனுப்பி, கூடவே போனில் வீடியோவும் அனுப்பியிருந்தாள். வெறும் தண்ணீர் தொண்டையில் நிற்காமல் ஓடிவிடும், வாசனை ஏறிய தண்ணீர் நாக்கில் கொஞ்ச நேரம் தங்கும், கொஞ்சமாகக் குடித்தாலும் நிறையக் குடித்த மாதிரி இருக்கும் என்பது மகளின் கட்சி. பழச்சாறு கூடாது, இளநீர் இருக்கிற திசையே கூடாது என்ற டாக்டர், வாசனைக்கு நாலு வெள்ளரித் துண்டும் புதினாவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

அவளுக்குக் கை பழகிவிட்டது. புதினாவைக் கசக்கினால் கறுத்துப்போய்ச் சாக்கடை வாடை அடிக்கும். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் போதும். எலுமிச்சை வட்டத்தை மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல் கசக்கும். வெட்டிவேரை மண் போக அலசி, நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். சப்ஜா விதையும் போடலாம் என்றது வீடியோ. அது இங்கே தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் வயிற்றில் போய்க் கக்கும் என்று அதை மட்டும் விட்டுவிட்டாள். பாதித் தண்ணீர் ஜாடியில். மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி, கட்டிக்கு ஒரு புதினா இலை போட்டு உறைய வைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும்போது ஒரு கட்டியை வாயில் போட்டு அதக்கிக்கொள்வார்.

இத்தனை செய்தும் எடை ஏறியது.

போன மாதம் நெஞ்சு முழுக்க நீர் கோத்து, படுக்க முடியாமல், கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடினார். அன்றைக்கு இழுத்துப் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். "இன்னொரு தடவை இப்படி வந்தா காப்பாத்திடலாம்னு நான் சொல்ல மாட்டேம்மா" என்றார் டாக்டர். அதிலிருந்து அவள் வீட்டுக்குள்ளேயே போலீஸ் வேலை பார்த்தாள். ஃப்ரிட்ஜ் சாவி இடுப்பில். அவர் தொழுகைக்கு முன் ஒளு செய்யக் கைகால் கழுவப் போனால் குளியலறைக் கதவருகில் நின்று, வாய் கொப்பளித்தது துப்புகிற சத்தமாக வெளியே வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள். கேட்டது. ஒழுங்காகத் துப்பினார்.

மாலிக் அரபு நாட்டில், தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். வெயில் காய்கிற மொட்டைமாடிகளில், மூத்திரம் போக நாலு மாடி இறங்க வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் வேலை பார்த்தவர். குடிக்க வேண்டிய காலத்தில் குடிக்கவில்லை. இப்போது குடிக்கக் கூடாது. இதில் நியாயம் தேடி ஒன்றும் ஆகப்போவதில்லை.

அன்றைக்கு மெஷின் நாள். இடம் காலியாக இருந்தது ஸ்ரீரங்கத்தில் இருக்கிற சின்ன டயாலிசிஸ் சென்டரில்தான் என்பதால், ஒவ்வொரு தடவையும் பெரிய கடை வீதியிலிருந்து ஆட்டோ பிடித்து ஆற்றைத் தாண்ட வேண்டும். ஆடி மாதம். காவிரி இரு கரையும் தொட்டுக்கொண்டு போனது. பாலத்தில் நெரிசல்; ஆட்டோ நடுப்பாலத்தில் நின்றது. மாலிக் தலையை வெளியே நீட்டி ஆற்றையே பார்த்தார். தொண்டைக்குழி மேலும் கீழும் போனது.

"தலைய உள்ள இழுங்க. பஸ் வருது."

"வரட்டும்" என்றார்.

சென்டரில் எடை பார்க்கிற மெஷினில் ஏறி நின்றார். டெக்னீஷியன் சகாயநாதன் குனிந்து எண்ணைப் பார்த்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"பாய், வர்ற வழியில ஆட்டோவ நிறுத்திக் காவேரில இறங்கிட்டீங்களா?"

"இறங்க விட்டாத்தானே" என்றார் மாலிக்.

"போன தடவையவிட அதிகம்மா இது. வீட்ல யாரோ நல்லா கவனிச்சுக்கிறாங்க."

நஜ்முன்னிசாவுக்கு முகம் சுட்டது. "நான் கொடுக்கறது அரை லிட்டர் தம்பி. அளந்துதான் ஊத்துறேன். சாவி பாருங்க, என் இடுப்புலதான் இருக்கு."

"நீங்க கொடுக்கலேன்னா யாரு கொடுக்குறா? தண்ணி காத்துலயா வரும்? இன்னிக்கு இத்தனையும் ஒரே மூச்சுல எடுத்தேன்னா பாய்க்கு பிரஷர் விழுந்துடும். எடுக்காம விட்டா மூச்சு திணறும். நான் எதத்தான் செய்யறது, சொல்லுங்க."

அவரை மெஷினில் போட்டார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் அவள் சாத்தார வீதிப் பக்கம் போய் வெட்டிவேரும் புதினாவும் வாங்கிக்கொண்டு, மெஷின் முடிகிற நேரத்துக்குத் திரும்புவாள். அன்றைக்குக் கால் நகரவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், தூணை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, தன் ஜாடியை மனசுக்குள் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தாள். வெள்ளரிக்காயே தண்ணீர்தானே, அதுதான் இப்படி ஏற்றுகிறதா? ஆனால் அவர் துண்டுகளைத் தின்பதில்லையே. ஐஸ் உருகினால் கூடுமா? என்ன புத்தி இது!

அப்போது அழகிரி வந்தார்.

தம்மாமில் மாலிக்கோடு ஒரே அறையில் பல வருஷம் பாய் விரித்துப் படுத்தவர் அழகிரி. இப்போது ஸ்ரீரங்கத்திலேயே மிக்சி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மெஷின் நாள் தவறாமல் வந்து நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து, அரபிக்காரன் கதையெல்லாம் பேசிச் சிரிக்க வைத்துவிட்டுப் போவார். தூணின் மறைவில் இருந்தவளை அவர் கவனிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போனார். துணிப்பையிலிருந்து தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து மூடியைத் திருகி நீட்டினார். மாலிக் ஊசி குத்தாத கையால் வாங்கி, தலையை அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிக்கொண்டார்.

அவள் கதவைத் தள்ளிய வேகத்தில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் திடுக்கிட்டு எழப் பார்த்தார்.

"அண்ணே! என்ன அது?"

அழகிரி திரும்பினார். முகத்தில் பயமே இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. "வா தங்கச்சி, நீ காய் வாங்கப் போயிருப்பேன்னு நெனச்சேன். இது ஒண்ணுமில்லம்மா, தீர்த்தம். காலைல கோயிலுக்குப் போனேன்ல. தெரிஞ்ச பட்டர் ஒருத்தர் எடுத்து வெச்சுத் தருவாரு."

"தண்ணியா?"

"தண்ணின்னு சொல்லாத, கன்னத்துல போட்டுக்குவேன். தீர்த்தம்."

அவள் பாட்டிலைப் பிடுங்கி முகர்ந்தாள். துளசி, ஏலக்காய், பச்சைக் கற்பூரம். தன் ஜாடியைவிட நல்ல வாசனை என்று அந்த ஆத்திரத்திலும் தோன்றித் தொலைத்தது. பாட்டிலில் பாதிதான் மிச்சம் இருந்தது.

"இவ்வளவு தீர்த்தமா ஊத்துவாங்க கோயில்ல?"

"அவரு தர்றது உத்தரணிக் கரண்டியால ரெண்டு கரண்டிதான். நான் கொழாய்த் தண்ணி விட்டு நெறைச்சுக்குவேன். தீர்த்தம் கலந்தா எல்லாம் தீர்த்தம்தானே தங்கச்சி. இவன்தான், இத்துனூண்டு தொண்டைக்கே பத்தலடான்னான். நேத்துகூட போன் பண்ணி மறக்காம கொண்டான்னான்."

மாலிக் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ரத்தம் போகிற குழாய் மட்டும் அவருக்கும் அவளுக்கும் நடுவில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

அது கோயில் தண்ணீர் என்பது அவளுக்குக் கவலையாக இல்லை. வேறு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷச் சிநேகத்தில் அழகிரி எத்தனையோ பிரசாதம் கொடுத்திருக்கிறார். மாலிக் மரியாதையாக வாங்கி, இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். வாயில் போட்டதே இல்லை. அழகிரிக்கும் அது தெரியும், ஒருநாளும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. அப்படிப்பட்ட மனுஷன் போன் போட்டுத் தீர்த்தம் கேட்டிருக்கிறார்.

"அண்ணே, உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன். இனிமே கொண்டு வராதீங்க. இது அவரக் கொன்னுடும்."

"பெருமாள் தீர்த்தமா கொல்லும்?" என்று ஆரம்பித்த அழகிரி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மூடியைத் தேடி எடுத்து மூட அவருக்கு நேரம் பிடித்தது.

திரும்பும்போது பாலத்தில் கூட்டம் இல்லை. ஆட்டோ பறந்தது.

"வேற யாரு யாரு கொடுக்குறா?" என்றாள்.

"ஆட்டோவுல வெச்சா கேக்குற?"

"வீட்ல கேட்டா மட்டும் சொல்லிடுவீங்களா?"

அவர் ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாலம் முடிவதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது.

ஹாஜிரா. மாலிக்கின் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. தினமும் அந்தியில் மஃரிப் தொழுகை முடிகிற நேரத்தில், ஊர்ப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பள்ளிவாசல் வாசலில் தானும் பாட்டிலோடு நின்று, தொழுதுவிட்டு வருகிறவர்களிடம் நீட்டுவாள். அவர்கள் ஓதி, பாட்டிலின் வாயில் ஊதிவிட்டுப் போவார்கள். அந்த ஓதின தண்ணீரைக் கொண்டுவந்து, தம்பி கட்டிலருகில் உட்கார்ந்து குர்ஆனிலிருந்து யாசீன் ஓதி, அவன் வாயில் ஊற்றுவாள். நஜ்முன்னிசா அப்போது அடுப்படியில் அண்ணிக்கு டீ போட்டுக்கொண்டிருப்பாள். ஓதின தண்ணீர் வீட்டுக்குள் வருவது அவளுக்குத் தெரியும். ஆனால் ஒருநாளும் அதைத் தண்ணீர் என்று அவள் நினைக்கவில்லை. துஆ, வேண்டுதல் என்றுதான் நினைத்தாள். குளியலறைக் கதவில் காது வைத்தவள், கண் முன்னால் நடந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. அழகிரியைச் சொல்லி என்ன?

அன்று மாலை ஹாஜிரா வழக்கமான நேரத்துக்கு வந்தாள். புர்காவை மடித்துக் கொடியில் போட்டுவிட்டு, பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். அது வெளியில் எல்லாம் வேர்த்து, சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி, அதைக் கொஞ்சம் கீழ வைங்க."

"ஏன் புள்ள?"

"ஓதின தண்ணி எதுக்கு அண்ணி இவ்வளவு சில்லுன்னு இருக்கு?"

"நேத்தே வாங்கிட்டேன். ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வெச்சேன். அவன்தான் சில்லுன்னு கொண்டா அக்கான்னான். மக்காவுக்கு உம்ரா போனப்ப கொண்டாந்த ஜம்ஜம் தண்ணி இருக்குல்ல, அதுலயும் ஒரு மூடி விட்டிருக்கேன். ஒரு மூடி விட்டா பாட்டில் பூரா பரக்கத்து."

"தினம் முழு பாட்டிலா குடிக்கிறாரு?"

"ஒரு சொட்டு வெக்க மாட்டான்." ஹாஜிராவின் குரலில் பெருமை. "இருவது வருஷம் அரபு நாட்டுல இருந்தும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக மூக்கால அழுதவன். இன்னிக்கு யாசீன் முடியற வரைக்கும் காத்திருந்து, பிஸ்மி சொல்லிக் குடிக்கிறான். நான் அல்லாஹ்கிட்ட கேட்டது இதத்தான்."

"இனிமே வேண்டாம் அண்ணி. ஓதுங்க. உக்காந்து எவ்வளவு வேணாலும் ஓதுங்க. தண்ணி மட்டும் வேண்டாம். இன்னிக்கு எடை பாத்துட்டு அந்தத் தம்பி என்னைத்தான் திட்டினான்."

ஹாஜிரா பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். "ஊர் உலகமே ஓதி ஊதின தண்ணிடி இது. இதுல சீக்கு வருமா? உன் புதினாத் தண்ணி குடிச்சா வராதது இதுல வந்துடுமா? நல்லா இருக்கே நியாயம்."

"அதுவும் தண்ணி, இதுவும் தண்ணி. போற எடம் ஒண்ணுதான்."

"வாய அலம்பிட்டுப் பேசு. தஸ்பீஹ் மணி எண்ண வேண்டிய நேரத்துல நீ தண்ணிய எண்ணிக்கிட்டு இருக்க. புருஷன் தீன் வழிக்கு வந்தது உனக்குப் பிடிக்கல. சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு, அவன ஜெயில்ல வெச்ச மாதிரி வெச்சிருக்க. தம்பி, நீயே சொல்லுடா. இது வேணுமா வேண்டாமா?"

மாலிக் கட்டிலில் சாய்ந்திருந்தார். கண் பாட்டிலை விட்டு நகரவில்லை. பாட்டிலின் வெளிப்பக்கத்தில் ஒரு துளி திரண்டு, வழிந்து, ஹாஜிராவின் சேலையில் விழுந்தது. அதையும் பார்த்தார்.

நஜ்முன்னிசாவின் நாக்கு நுனியில் ஒரே ஒரு வாக்கியம் நின்றது. ஸ்ரீரங்கத்தில் தீர்த்தம் குடிக்கிறார் அண்ணி உங்கள் தம்பி, போன் போட்டுக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். அதைச் சொன்னால் ஹாஜிரா எழுந்து போய்விடுவாள், தண்ணீரும் நின்றுவிடும். நாளை காலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். பள்ளிவாசலில் அவர் முகத்தை யாரும் நேராகப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஆள் இருப்பார். மௌத்தான பிறகு மரியாதை யாருக்கு வேண்டும்? சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். அதுதான் உண்மை. அவள் வாயைத் திறந்தாள்.

மாலிக் அவள் திறந்த வாயைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது.

"அக்கா" என்றார். "தாகம்க்கா."

"அதான் கொண்டாந்திருக்கேனே."

"அதில்லக்கா. துஆவுக்காக நான் குடிக்கல. தாகத்துக்குக் குடிச்சேன். யாசீன் எப்ப முடியும்னு பாத்துக்கிட்டு இருப்பேன். நீ ஓதினதுல ஒரு வார்த்தை என் காதுல விழுந்ததில்ல. நீ தண்ணி கொண்டு வர்றேன்னுதான் அசர் தொழுகைக்கு அப்புறம் வாசலையே பாத்துக்கிட்டு இருப்பேன். உன்னைப் பாக்க இல்ல."

"பிஸ்மி சொன்னியேடா" என்றாள் ஹாஜிரா.

"சொன்னாத்தானே நீ சாய்ப்ப?"

ஹாஜிராவின் கை பாட்டிலைத் தடவிக்கொண்டே இருந்தது. அவள் அழவில்லை. அழுகிற பெண் இல்லை அவள். அறுபது வயசில் கூட்டத்தில் முண்டியடித்துக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் நின்ற மாலைகள் எல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. நஜ்முன்னிசாவின் பக்கம் திரும்பினாள்.

"நெசமாவே செத்துருவானா?"

"போன மாசம் பாத்தீங்கல்ல. இன்னொரு தடவை தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு அண்ணி."

"இத என்ன செய்யறது அப்ப?"

ஓதின தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற முடியாது. கால்படுகிற இடத்தில் கொட்ட முடியாது. இந்த வீட்டில் செடி என்று ஒன்று கிடையாது, மொட்டைமாடியும் மேல்வீட்டுக்காரர்களுடையது. திரும்ப எடுத்துக்கொண்டு போகிறேன் என்றால், போகிற வழியெல்லாம் அவர் கண் அந்தப் பையோடு போகும். இங்கேயே வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

ஹாஜிரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். மூடியைத் திருகினாள். பிஸ்மி சொல்லிவிட்டு, தானே குடிக்க ஆரம்பித்தாள்.

முதல் மடக்கு, இரண்டாவது மடக்கு. நடுவில் மூச்சு வாங்கினாள். ஒரு லிட்டர் பாட்டில் அது. அந்த வயசில் ஒரே இருப்பில் குடிக்கக் கூடியது இல்லை. தாடையில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் தூக்கினாள். தண்ணீர் இறங்குகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மாலிக் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவள் விழுங்கும்போதெல்லாம் அவர் தொண்டையும் வெறுமனே விழுங்கியது. உதடு லேசாகத் திறந்திருந்தது. வேண்டாம் அண்ணி, அவர் முன்னால் வேண்டாம் என்று சொல்ல நஜ்முன்னிசாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. பார்க்கட்டும், இப்படியாவது ஒரு பாட்டில் தீரட்டும் என்று நின்றாள். தான் இவ்வளவு கல்நெஞ்சுக்காரியாக எப்போது ஆனோம் என்று யோசித்தாள்.

கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு ஹாஜிரா பாட்டிலை மூடினாள். நெஞ்சை நீவிக்கொண்டாள். எழுந்து, கொடியிலிருந்த புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டாள். வாசல்படியில் நின்று, திரும்பாமலே கேட்டாள்.

"நாளைக்கு வரலாமா?"

"வாங்க அண்ணி" என்றாள் நஜ்முன்னிசா. "வெறுங்கையோட வாங்க."

"அக்கா" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார் மாலிக். குரல் கரகரத்தது. "சில்லுன்னு இருந்துச்சா?"

ஹாஜிரா காலிப் பாட்டிலைப் புர்காவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வெதுவெதுன்னுதான் இருந்துச்சு. வெயில்ல, வர்ற வழியிலயே சூடாயிடுச்சு" என்றாள்.

வெளியே இருட்டி, விளக்குப் போட்டு வெகுநேரம் ஆகியிருந்தது.